மேஸ்திரிக்கு மல்லிகைப்பூ கட்டிய கதை

1

இந்தக் கதை என் மனசில் முளைத்தது அல்ல, பஸ்ஸில் கிடைத்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தார். பேசினார் என்பதைவிடச் சிரித்தார் என்று சொல்வதுதான் சரி. சிரிப்புக்கு நடுவே மூன்று பேச்சு மட்டும் முழுசாக வெளியே வந்தன.

"ஆட்டுக்குச் செய்யுறத எல்லாம் பூனைக்குச் செய்வாகளா?"

"மல்லியப்பூவ அவுத்து எறிஞ்சாச்சுக்கா."

"நாயக் கூட்டியாந்துட்டாக. அது மேல ஏறிருச்சு."

அவ்வளவுதான். அடுத்த விலக்கு ஸ்டாப்பில் இறங்கிச் சிரித்தபடியே போய்விட்டார். பின்னாலேயே நானும் இறங்கி ஓடியிருக்க வேண்டும். எது மேலே ஏறியது, ஏறியது இறங்கியதா, பூனைக்கும் மல்லிகைப்பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அன்றைக்கு ஜன்னலோரச் சீட்டு கிடைத்திருந்தது. அதை விட மனசில்லை.

ஆகவே இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு. மூன்று செங்கல்லை வைத்துக்கொண்டு வீடு கட்டப் பார்க்கிறேன். சுவர் சாய்ந்தால் நீங்களும் ஒரு கை கொடுங்கள்.

2

முதல் தொடக்கம்: "கரிசல் மண் வெடித்துக் கிடந்த அந்தச் சித்திரை மதியத்தில்—"

(வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை என்றாலே மண் வெடித்துத்தான் கிடக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தக் கதை நடந்தபோது நல்ல மழை பெய்து, ஊருணி நிரம்பி, கொசு பிடுங்கிக்கொண்டிருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "மரணம் ஒரு பனையோலைக் கடகத்துக்குள் சுருண்டு படுத்து—"

(ஐயோ, சாமி.)

மூன்றாம் தொடக்கம்: "சீனிச்சாமிக்குப் பூனையைப் பிடிக்காது."

இது பரவாயில்லை. இதன் வாலைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

சீனிச்சாமிக்குப் பூனையைப் பிடிக்காது. திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் 'எங்க ஊர்ல அப்பிடி ஆளே கெடையாது' என்று சண்டைக்கு வருவார்கள்) கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு பட்டி வெள்ளாடும் வைத்திருந்தார். ஆடு என்றால் அவருக்கு உயிர். குட்டி செத்துப்போன தாயாட்டிடம் தாயில்லாத குட்டியைச் சேர்த்துவிடுவதில் சுற்றுவட்டாரத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. எந்த வீட்டு ஆடு குட்டியை உதைத்தாலும் 'சீனிச்சாமிய வரச்சொல்லு' என்பார்கள். போவார். குட்டி முதுகில் உப்பைத் தடவி விடுவார். தாய் உப்புக்கு ஆசைப்பட்டு நக்கும், நக்க நக்க ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மசியாத ஆடாக இருந்தால் ஒரு நாயைப் பிடித்துவந்து எதிரே நிறுத்துவார். நாயைக் கண்டதும் ஆடு குட்டிக்கு முன்னால் வந்து நின்று கொம்பைத் தாழ்த்தும்.

"அம்புட்டுத்தேன். இனி அது அவ புள்ள," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

பூனையைக் கொண்டுவந்தது அவர் மனைவி முருகலட்சுமி. கடலை மூட்டையை எலி ஓட்டை போட்டதால் வந்த பூனை. வந்த வேலையைப் பார்த்ததா என்றால், இல்லை. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்தது. அதனால் 'மேஸ்திரி' என்று பெயர் வந்தது. பொட்டைப் பூனைக்கு இந்தப் பெயரா என்று கேட்காதீர்கள். அதன் உட்காருகையைப் பார்த்திருந்தால் நீங்களும் எழுந்து நின்றிருப்பீர்கள்.

மேஸ்திரி சினையானது. ஒரு விடியற்காலையில் பழைய கடகத்துக்குள் மூன்று குட்டி போட்டது. மூன்றும் செத்தே பிறந்தன.

(சிரிப்புக் கதை சொல்ல வந்தவள் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்தக் காலையில் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.)

மேஸ்திரி மூன்றையும் நக்கிக்கொண்டே இருந்தது. நக்கினால் குட்டி அசையும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஏன் அசையவில்லை என்பதுதான் தெரியவில்லை. வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு முருகலட்சுமி மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் புதைத்தார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார் கடகத்துக்குள் கிடந்தது. மேஸ்திரி அதைக் கவ்விக்கொண்டு வந்து வைத்து, நக்கிக்கொண்டிருந்தது.

3

இந்த இடத்தில் எனக்குச் சீனிச்சாமி மேல் ஒரு சந்தேகம் வந்தது. பூனையைப் பிடிக்காத மனுஷன் எதற்காகச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கடகத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்? காரணம் வேண்டாமா? காரணம் இல்லாமல் ஒரு ஆளை அழவிட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

உங்கள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். 'இவர்களுக்கும் ஒரு பிள்ளை இப்படிப் பிறந்து போயிருக்கும், அதைக் கடைசியில் எடுத்து வைப்பாள்' என்று நினைக்கிறீர்கள். ஒளிப்பானேன், நானும் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன்: "பல வருஷங்களுக்கு முன்னால், முருகலட்சுமியின் கையில் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்த அந்த நர்ஸின் கண்களில்—"

அதோடு நின்றுவிட்டது. சீனிச்சாமி வந்து என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். (கற்பனையில்தான். ஆனாலும் பிடி இறுக்கமாக இருந்தது.)

"ஏம்மா, எனக்கு ரெண்டு புள்ளைக. மூத்தவன் உதயகுமாரு கோயம்புத்தூர்ல லேத்துல இருக்கியான், நேத்துகூட போன் போட்டான். சின்னவள பாலவனத்தத்துல கட்டிக் குடுத்துருக்கு. நல்லாருக்குற வீட்டுக்குள்ள எழவக் கொண்டாந்து வைக்கிறியே, இது ஞாயமா?"

"இல்லய்யா, நீங்க பூனைக்காக இம்புட்டு வருத்தப்படுறதுக்கு ஒரு காரணம் வேணுமேன்னு..."

"பூனைக்குட்டி செத்ததுக்கு வருத்தப்பட, பூனைக்குட்டி செத்தது பத்தாதா?"

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

4

மேஸ்திரிக்குப் பால் இறங்கிவிட்டது. குடிக்கத்தான் ஆள் இல்லை. வயிற்றடி முழுக்கக் கல் மாதிரிக் கட்டிக்கொண்டது. தொட்டால் சீறியது. கருவாட்டைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுப்படி, ஆட்டுக்கொட்டம், மூட்டைச் சந்து என்று ஒவ்வொரு இடமாகத் தலையை விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. கோபமாகக் கத்தியிருந்தால்கூடச் சீனிச்சாமி தாங்கியிருப்பார். அது செல்லமாகக் கூப்பிட்டது.

ஆட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் மேஸ்திரியையும் பார்த்தார். வயிற்றுக்குள் குட்டி எதுவும் தங்கவில்லை என்றார். வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்கள், காய்ச்சல் கண்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள், எக்காரணம் கொண்டும் பாலைக் கறக்காதீர்கள், கறந்தால் இன்னும் ஊறும் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

பைக் சத்தம் தெரு முனையைத் தாண்டியதும் சீனிச்சாமி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டாக்டரு கறக்காதீகன்னு சொன்னாரா இல்லையா?" என்றார் முருகலட்சுமி.

"அவரு பொதுவாச் சொல்லிட்டுப் போறாரு. பீய்ச்சாம விட்டா மடி வெந்துபோகும் புள்ள. எத்தன ஆட்டுக்குப் பாத்துருக்கேன்."

"அது ஆடு. இது பூனை."

"எல்லாம் பால்தான?"

மேஸ்திரியை மடியில் மல்லாக்கப் போட்டார். ஒரு கையால் பின்னங்காலைப் பிடித்தார். மறு கையில் டம்ளர். (டம்ளர் எதற்கு என்று அவருக்கும் தெரியாது. பழக்கதோஷம்.) பிறகு நடந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. டம்ளர் கிணற்றடியில் கிடைத்தது. சீனிச்சாமியின் கன்னத்தில் ஏற்பட்ட கோடுகளைப் பற்றித் தெருவில் கேட்டவர்களுக்கு "வேலிக்கருவ முள்ளு" என்றார்.

மறுநாள் காலையில் முருகலட்சுமி தன் வைத்தியத்தை ஆரம்பித்தார். தெருவில் வந்த பூக்காரம்மாவிடம் நெருக்கிக் கட்டிய மல்லிகைப்பூ வாங்கி, பழைய சேலைக் கிழிசலில் வைத்து, மேஸ்திரியின் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார்.*

* பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டால், அதை வற்றவைக்க மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது இங்கே பெண்களுக்குத் தெரிந்த வழக்கம். பூனைக்குக் கட்டலாமா கூடாதா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அது வழக்கத்தின் குறை, முருகலட்சுமியின் குறை அல்ல.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்றுதான் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். யார் பூ கட்டுவது என்று கேட்டிருந்தால் எப்போதோ வேலை முடிந்திருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், சீனிச்சாமியைப் பிறாண்டிய மேஸ்திரி முருகலட்சுமிக்கு அடங்கி நின்றது. பூவைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்துவந்தபோது கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட பெரிய மனுஷி மாதிரி இருந்தது. ஒரு வெள்ளாடு பின்னாலேயே போய் அந்தப் பூவைத் தின்னப் பார்த்தது. சீனிச்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அழகாத்தான் இருக்கா," என்றார்.

ஆனாலும் அது நாரைக் கவ்விக்கொண்டுதான் போனது.

5

அன்று மதியம் பாளையம்பட்டி முகமது இஸ்மாயில் போன் செய்தார். வருஷா வருஷம் பக்ரீத்துக்குச் சீனிச்சாமியிடம்தான் கிடாய் பிடிப்பார். கிடாய் பேச்சு பாதியில் இருக்கும்போது அந்தப் பக்கம் ஏதோ கத்தியது.

"என்ன பாய், வீட்டுல கைப்புள்ளையா?"

"புள்ளையில்ல சீனி, பூனைக்குட்டி. தாய்ப்பூனை ரோட்டுல அடிபட்டுப் போச்சு. கண்ணு தொறக்கல இன்னும். எங்க மருமக நர்கிஸு சொட்டு சொட்டாப் பால் விடுற பில்லரை வச்சுக்கிட்டு அது கூடவே கெடக்கு."

சீனிச்சாமி மெதுவாகத் திரும்பி முற்றத்தைப் பார்த்தார். மல்லிகைப்பூ வெயிலில் பளபளவென்று இருந்தது.

"ஏ புள்ள. அந்தப் பூவ அவுரு."

"நீங்கதான அழகா இருக்குன்னீக?"

"அவுருங்குறேன்ல. பாலு வத்திரப்போகுது."

(இரண்டாவது செங்கல்லை வைத்துவிட்டேன். கவனித்தீர்களா? எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.)

அவர் பஸ் மாறி பாளையம்பட்டி போய்ச் சேர்ந்தபோது நர்கிஸ் குட்டியைப் பழைய துப்பட்டாவில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷமாகிறது, புருஷன் இர்பான் துபாயில். கலகலவென்று பேசுகிற பெண். அன்றைக்கு மட்டும் குரல் இறங்கியிருந்தது.

"மத்ததெல்லாம் போயிருச்சுண்ணே. இது ஒண்ணுதான் மிச்சம். பசும்பால் குடுத்தா அப்பிடியே கக்கிருது. தாய்ப்பால் இல்லாம நாளைக்குத் தாங்காது. ஒங்க பூனை சேத்துக்கிரும்ல?"

"நான் வச்சு ஒட்டாத குட்டி உண்டா தாயி?" என்றார் சீனிச்சாமி.

(ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நடக்கும்போது பார்த்துக்கொள்வோம்.)

"வீடியோ கால் போடணும். நான் பாக்கணும். சேக்கலைன்னா உடனே கொண்டாந்துருங்க, பில்லரோ எதுவோ, நானே வச்சுக்கிறேன்."

குட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அது கத்திய கத்தலில் கண்டக்டர் வந்து நின்றார்.

"பெரியவரே, சட்டைக்குள்ள என்ன?"

"போனு."

"போனு பூனை மாதிரிக் கத்துமா?"

"மகன் வச்சுவிட்டுட்டுப் போன சத்தம். எனக்கு மாத்தத் தெரியல."

கண்டக்டர் சிரித்துவிட்டு, ஜன்னல் காற்று படாத சீட்டாகப் பார்த்து அவரை மாற்றி உட்காரவைத்தார்.

6

முற்றத்தில் உரல் மேல் போனைச் சாத்தி வைத்தார்கள். போனுக்குள் நர்கிஸ், போனுக்கு வெளியே முருகலட்சுமி, நடுவில் கடகம். கடகத்துக்குள் மேஸ்திரியும் நாரும். சீனிச்சாமி துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டார். மூன்று ஊர் ஆடுகளை வழிக்குக் கொண்டுவந்த கை.

உப்பை எடுத்தார். குட்டியின் முதுகில் லேசாகத் தடவிக் கடகத்தில் வைத்தார். மேஸ்திரி குனிந்து மோந்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அண்ணே, என்ன தடவுனீக?" என்றது போன்.

"உப்புத் தாயி."

"ஊறுகாயா போடப் போறீக?"

முருகலட்சுமி குட்டியைத் துடைத்துவிட்டு, கருவாடு ஊறிய தண்ணீரில் விரலை நனைத்துத் தடவினார். இதற்கு மேஸ்திரியின் காது நிமிர்ந்தது. ஒரு நக்கு நக்கியது. பின்னும் ஒரு நக்கு. குட்டி கண் தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டி, வயிற்றுப் பக்கமாக ஊர்ந்து போனது. நானும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம்தான், காம்பு எட்டிவிடும், இதோ—

மேஸ்திரி எழுந்தது. நாரைக் கவ்வியது. கடகத்தை விட்டு இறங்கிப்போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டு நாரை நக்க ஆரம்பித்தது.

சீனிச்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. "அடியே, உசுரோட ஒண்ணு இங்க கெடக்கு. நாரைப் போயி..." என்றார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

திரும்பி வந்தபோது கையில் கயிறு இருந்தது. கயிற்றின் அந்த முனையில் பக்கத்து வீட்டுத் தங்கபாண்டியின் நாய் டைகர்.

"இவரு என்ன செய்யப் போறாருன்னு தெரியுதா?" என்று முருகலட்சுமி போனிடம் கேட்டார். "ஆட்டுக்குச் செய்யுறத எல்லாம் பூனைக்குச் செய்யப் போறாரு."

டைகர் நல்ல நாய். தெருவில் யாரையும் பார்த்துக் குரைத்ததில்லை. கடகத்துக்குள் எட்டிப் பார்த்து, குட்டியை மோந்து, வாலை ஆட்டியது. அடுத்து என்ன நடந்தது என்பதைச் சரியான வரிசையில் சொல்ல எனக்கு வரவில்லை. மேஸ்திரி சுவரோரத்திலிருந்து பறந்து வந்தது. டைகரின் மூக்கில் ஒரே ஒரு அறை. டைகர் ஐயோ என்று கத்திக்கொண்டு கயிற்றோடு ஓடியது. கயிற்றோடு சீனிச்சாமியும் கொஞ்ச தூரம் ஓடினார். போன் உரலிலிருந்து குப்புற விழுந்தது. "என்னண்ணே நடக்குது, எனக்குத் தரைதான் தெரியுது," என்று நர்கிஸ் கத்தினாள். மேஸ்திரி உரல் மேல் தாவி, சுவரில் தாவி, ஓட்டுக்கூரை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

என் மூன்றாவது செங்கல்லும் தீர்ந்தது. பஸ் நின்றுவிட்டது. அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டார்.

7

இனி நானாக ஏதாவது செய்ய வேண்டும். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. மேஸ்திரி இறங்கி வருகிறது, படுக்கிறது, குட்டி குடிக்கிறது. சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போடுகிறார். (எழுதிவிட்டு நானே எழுந்து ஒரு சுற்று ஆடினேன். பிறகு படித்துப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. ஆசை மட்டும் நிறைய இருந்தது.)

இரண்டாவது முடிவு. மேஸ்திரி இறங்கவே இல்லை. பொழுது சாயும்போது சீனிச்சாமி குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நடக்கிறார். அது முதலில் கத்திக்கொண்டிருந்தது, அப்புறம்— (எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைக் கிழித்துவிட்டேன்.)

மூன்றாவது முடிவு. டைகர் திரும்பி வந்து குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கிறது. (டைகர் கடுவன் நாய். மறந்துவிட்டேன்.)

என்னைக் குடைவது ஒரே ஒரு விஷயம். அந்த அறை. மேஸ்திரி டைகரை அறைந்தது குட்டிக்காகவா, தனக்காகவா? குட்டிக்காக என்றால் சீனிச்சாமியின் வித்தை பலித்துவிட்டது. தனக்காக என்றால் கதை முடிந்தது. அந்த நேரத்தில் அது கடகத்துக்கும் நாய்க்கும் நடுவில் வந்து நின்றதா இல்லையா என்று எழுதியவளுக்கே தெரியவில்லை. நீங்கள் வேண்டுமானால் மேலே போய் ஒரு முறை படித்துப் பாருங்கள். அங்கேயும் நான் எழுதாமல்தான் விட்டிருக்கிறேன்.

8

கடகத்துக்குள் குட்டி கத்துகிறது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது. கூரைக்குக் கீழே சீனிச்சாமி கருவாட்டைத் தூக்கிக் காட்டி "வாத்தா, வாத்தா" என்று கெஞ்சுகிறார். முருகலட்சுமி ஏணி எடுத்துவரலாமா என்கிறார். நான் நோட்டோடு நிற்கிறேன். நாங்கள் நெருங்க நெருங்க மேஸ்திரி ஓட்டில் ஒரு அடி பின்னால் போகிறது.

தரையில் கிடந்த போனை முருகலட்சுமி எடுத்து மண்ணைத் தட்டினார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிர மாட்டீகளே?" என்றாள் நர்கிஸ். "எங்க பூனை உசுரோட இருந்தப்ப, குட்டிக்குப் பால் குடுக்கும்போது நாங்க எட்டிப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிரும். அங்க நீங்க, அண்ணே, நாயி, போனுல நானு. இத்தன பேரு சுத்தி நின்னா அது எப்பிடி எறங்கும்?"

சீனிச்சாமி தூக்கிப் பிடித்திருந்த கருவாட்டை இறக்கினார்.

"அப்ப நம்ம ஒண்ணுமே செய்ய வேணாங்குறியா?" என்றார் சீனிச்சாமி. குட்டியை விட்டு அவருக்குக் கண் நகரவில்லை. "இது தாங்காதே தாயி."

"செஞ்ச வரைக்கும் போதும். வாங்க," என்று முருகலட்சுமி அவர் கையைப் பிடித்தார்.

"நாய் வந்துட்டா?"

"இந்த ஜென்மத்துல வராது. வாங்க."

கருவாட்டைக் கடகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆட்டுக்கொட்டத்துக்குப் போனார். முருகலட்சுமி வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போனார். "நான் வச்சுருறேன்க்கா. அப்புறமா சொல்லுங்க," என்று நர்கிஸ் போனை வைத்துவிட்டாள்.

மேஸ்திரி ஓட்டின் விளிம்புக்கு வந்திருக்கிறது. தலையைச் சாய்த்துக் கடகத்தைப் பார்க்கிறது. குட்டி கத்தியதும் அதன் தொண்டையிலிருந்து அந்தச் செல்லச் சத்தம் வருகிறது. முன்னங்காலைச் சுவரில் வைக்கிறது. வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறது. காலை எடுத்துக்கொள்கிறது.

சரி. நானும் நோட்டை மூடிக்கொண்டு போகிறேன். என்ன ஆயிற்று என்று தெரியாமல் போவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களிடம் சொன்னால்தான் மனசு ஆறும். ஆனால் இருந்து பார்ப்பதைவிட அந்தக் குட்டி குடிப்பது முக்கியம்.

இப்போது முற்றத்தில் நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள். மேஸ்திரி உங்களைத்தான் பார்க்கிறது. இதைப் படித்துக்கொண்டே நிற்காதீர்கள். குட்டிக்குப் பசிக்கிறது, தயவுசெய்து போங்கள்.